செட்டில்மென்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது: ஏற்பதா, விலகுவதா?

கலிபோர்னியாவின் ட்ரேசி நகரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். எச்-4 (எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) வேலை அனுமதி கிடைத்ததும் அருகிலுள்ள ஒரு பெரிய வேர்ஹவுஸில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் ஆறு மாதம் ஸ்டாஃபிங் ஏஜென்சி மூலம் வேலை, பிறகு நிறுவனத்திலேயே நேரடி வேலை, ஆக மொத்தம் 130 வாரம். மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 10.30க்கு முடியும் ஷிஃப்ட். சம்பளம் மணிக்கு 19 டாலர். ஐந்து மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய குறைகள் மூன்று. வாரத்தில் இரண்டு நாளாவது சாப்பாட்டுக்கு விடவே இரவு ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். மூன்று நாளாவது பத்து நிமிட ஓய்வுகளில் ஒன்று கிடைக்காது. பஞ்ச் அவுட் செய்த பிறகு பை சோதனை வரிசையில் தினமும் ஐந்தாறு நிமிடம் சம்பளமில்லாமல் நிற்க வேண்டும். இதற்காக வேறு சில தொழிலாளர்கள் எல்லோர் சார்பிலும் குழு வழக்கு (கிளாஸ் ஆக்‌ஷன்) போட்டிருந்தார்கள். அது இப்போது 21 லட்சம் டாலருக்குச் சமரசமாகியிருக்கிறது. சுமார் 900 பேர் அதில் அடக்கம். வாசகிக்கு வந்த நோட்டீஸில் அவருடைய வேலை வாரங்கள் 98 என்றும், உத்தேசத் தொகை 1,470 டாலர் என்றும் இருக்கிறது. பதில் அனுப்ப 60 நாள் கெடு. அதில் 18 நாள் போய்விட்டது.

இதற்கிடையில் போன அக்டோபரில் சூப்பர்வைசர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கி 400 டாலர் செக் கொடுத்திருக்கிறார். இவரும் வாங்கிக்கொண்டார். "21 லட்சத்தை 900 பேருக்குப் பிரித்தால் 2,333 வர வேண்டாமா? வக்கீல்கள் சாப்பிட்டுவிட்டார்களா? விலகித் தனியாக வழக்குப் போடலாமா? இதில் சேர்ந்தால் எங்கள் கிரீன் கார்டு கெடுமா? அந்த 400 டாலர் தாளால் எல்லாம் போய்விட்டதா?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளை நிதானமாக யோசிக்க விடாமல் செய்வது அதுதான். சம்பள வழக்கு ஒன்றில் குழு உறுப்பினராக இருப்பது குற்றமல்ல, விசா விதிமீறலும் அல்ல. நீங்கள் வழக்குப் போட்டவர்கூட அல்ல. நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததால் நோட்டீஸ் வந்திருக்கிறது. நீங்கள் வேலை செய்து ஈட்டிய ஊதியம் தாமதமாகக் கைக்கு வருகிறது, அவ்வளவே. அது அரசு உதவித்தொகை அல்ல. கலிபோர்னியா லேபர் கோடு 1171.5 பிரிவு, குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்கிறது. வேலை செய்த காலம் முழுவதும் உங்கள் அனுமதி அட்டை செல்லுபடியாக இருந்ததா என்பது தனிக் கேள்வி. இடையில் அது காலாவதியாகியிருந்தால் மட்டும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்களுக்கு எவ்வளவு உரிமை இருந்தது?

"சாப்பாட்டைத் தள்ளிப்போட நாங்களும் ஒத்துக்கொண்டோம், அதனால் கேட்க முடியாதோ" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால், ஐந்தாவது மணி முடிவதற்குள் 30 நிமிட உணவு இடைவேளை தொடங்கியாக வேண்டும். உங்கள் ஷிஃப்டில் அது இரவு ஏழு மணி. அன்றைய மொத்த வேலையே ஆறு மணி நேரத்தைத் தாண்டாத நாளில்தான் இருதரப்பும் ஒப்புக்கொண்டு அதை விட்டுக்கொடுக்க முடியும். எட்டு மணி நேர ஷிஃப்டில், "பரவாயில்லை, ஆர்டரை முடித்துவிட்டுப் போகிறேன்" என்று சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துச் சொன்னது விட்டுக்கொடுத்ததாகாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2012இல் பிரிங்கர் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், எல்லா வேலையிலிருந்தும் விடுவித்து இடைவேளை தருவதுதான் முதலாளியின் கடமை, தொழிலாளி உண்மையிலேயே ஓய்வெடுத்தாரா என்று பின்னாலேயே நின்று பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னது. நிறுவனங்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: "நாங்கள் கொடுத்தோம், அவர்கள்தான் எடுக்கவில்லை." வேர்ஹவுஸில் இதற்குப் பதில் இருக்கிறது. மணிக்கு இத்தனை பெட்டி என்ற இலக்கு இடைவேளையையே விழுங்கும்படி இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள கோட்டா சட்டம் சொல்கிறது. உங்கள் இலக்கு எவ்வளவு, அதை எட்டாதபோது என்ன சொன்னார்கள் என்பது நினைவிருந்தால் இன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு, சம்பளத்தோடு கூடிய பத்து நிமிட ஓய்வு இரண்டு உண்டு. உணவு இடைவேளை விதி மீறப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மணி நேரச் சம்பளம் கூடுதலாக வர வேண்டும். ஓய்வு இடைவேளைக்கும் அப்படியே தனியாக ஒரு மணி நேரம். ஒரே நாளில் இரண்டு ஓய்வும் தவறினாலும் ஓய்வுக்கு ஒரு மணி நேரம்தான். ஆக ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். பை சோதனை நேரமும் வேலை நேரமே. ஆப்பிள் கடை ஊழியர்களின் வழக்கில் 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. "இரண்டு நிமிடம், மூன்று நிமிடமெல்லாம் ஒரு கணக்கா" என்ற வாதத்துக்கும் 2018இல் ஸ்டார்பக்ஸ் வழக்கிலேயே அந்த நீதிமன்றம் பெரும்பாலும் கதவை அடைத்துவிட்டது. உங்கள் ஷிஃப்டில் எட்டு மணி நேரம் முடிந்த பிறகுதான் அந்த வரிசை. அதனால் அந்த நிமிடங்களுக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் விகிதம் பொருந்தும்.

இப்போது கணக்குப் போடுவோம். முதலில் ஒரு சின்னத் திருத்தம். நோட்டீஸில் 32 வாரம் குறைகிறது என்கிறீர்கள். நடுவில் ஆறு வாரம் மதுரைக்குப் போய் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலை வாரம் என்றால் ஒரு நாளாவது வேலை செய்த வாரம். அதனால் அந்த ஆறு வாரம் கணக்கில் வராது. உங்கள் எண்ணிக்கை 124. நோட்டீஸில் உள்ளது 98. மிச்சம் 26 வாரம், அதாவது நீங்கள் ஏஜென்சி மூலம் வேலை செய்த அந்த ஆறு மாதம். ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வாரம் ஐந்து நாள் என்று 124 வாரத்துக்கு 620 ஷிஃப்ட். உணவு தாமதமானது வாரம் இரண்டு நாள் என்றால் 248 நாள், 19 டாலர் வீதம் 4,712. ஓய்வு தவறியது வாரம் மூன்று நாள் என்றால் 372 நாள், 7,068. பை சோதனை தினம் ஆறு நிமிடம் என்றால் 62 மணி நேரம், 28.50 வீதம் 1,767. கூட்டினால் 13,547 டாலர். வேலையை விட்டவர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. கடைசிச் சம்பளத்தில் பாக்கி வைத்தால் 30 நாள் வரை தினக்கூலியை அபராதமாகக் கேட்கலாம். எட்டு மணி நேரம், 19 டாலர், 30 நாள்: 4,560. இடைவேளைக்கான அந்தக் கூடுதல் மணி நேரமும் சம்பளம்தான், அதைக் கொடுக்காமல் விட்டாலும் இந்த அபராதம் வரும் என்று 2022இல் நரான்ஹோ வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) இதையெல்லாம் காட்டாததற்கு 4,000 டாலர் உச்ச வரம்புக்குட்பட்டு வேறொரு அபராதமும் உண்டு.

இந்தப் பதினெட்டாயிரத்துச் சொச்சத்தையும் நோட்டீஸின் 1,470ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் இரண்டும் ஒரே வகை எண் அல்ல. முதலாவது, நீங்கள் நினைவில் வைத்திருக்கும் ஒவ்வொன்றையும் நிரூபித்து, நிறுவனத்தின் ஒவ்வொரு வாதமும் தோற்று, கடைசியில் கைக்கு வரக்கூடிய உச்சம்.

எதை நிரூபிக்க முடியும் என்று பாருங்கள். உணவு இடைவேளை தொடங்கிய, முடிந்த நேரத்தை முதலாளி பதிவு செய்தாக வேண்டும். பதிவேட்டில் 7.20 என்று இருந்தால், விதி மீறப்பட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டும் சுமை நிறுவனத்தின் தலையில். 2021இல் டோனஹ்யூ வழக்கில் இப்படித் தீர்மானமானது. 7.04ஐ 7.00 என்று காட்டும்படி நேரத்தை முழு எண்ணாக்குவதும் அதோடு முடிந்தது. ஆக உங்கள் 4,712 டாலர் நிறுவனத்தின் சொந்தக் காகிதத்திலேயே நிற்கக்கூடியது. ஓய்வு இடைவேளைக்கோ பஞ்ச் கிடையாது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் கணக்கில் மிகப் பெரிய தொகையான 7,068 முழுக்க முழுக்க உங்கள் நினைவிலும் சக ஊழியர்களின் சாட்சியத்திலும் நிற்கிறது. 30 நாள் அபராதத்துக்கு, நிறுவனம் வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டது என்று காட்ட வேண்டும். "சட்டத்தை நல்லெண்ணத்தில் வேறு மாதிரிப் புரிந்துகொண்டோம்" என்று அவர்கள் நிறுவிவிட்டால் அந்த 4,560 முழுதும் போய்விடும். சமரசத் தொகை குறைவதன் பெரும் பகுதி இந்த இடங்களில்தான். மீதி, 900 பேரையும் ஒரே குழுவாக நடத்த நீதிபதி அனுமதிக்காமல் போகலாம் என்ற அபாயத்துக்காகக் குறைகிறது.

21 லட்சம் எங்கே போகிறது?

நோட்டீஸின் நகலை இணைத்திருந்தீர்கள், நல்லது. அதன்படி வழக்கறிஞர் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு, 7 லட்சம். வழக்குச் செலவு 30,000. பணத்தைப் பிரித்து அனுப்பும் நிர்வாகிக்கு 15,000. பெயர் கொடுத்து வழக்கை நடத்திய தொழிலாளர்களுக்கு 10,000. மாநிலத்தின் சார்பில் தொழிலாளர்களே அபராதம் கேட்டு வழக்குப் போட வழிசெய்யும், பாகா என்று வழங்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான அபராதம் 1 லட்சம். மீதி 12,45,000. அதை எல்லோருடைய மொத்த வேலை வாரங்கள் 83,000ஆல் வகுத்தால் வாரத்துக்கு 15 டாலர். 98 வாரத்துக்கு 1,470. பணம் தலைக்கு இவ்வளவு என்று பிரிவதில்லை, வாரத்துக்கு இவ்வளவு என்று பிரிகிறது. மூன்று மாதம் வேலை செய்தவருக்கும் உங்களுக்கும் சமமாகக் கொடுத்தால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு கட்டணம் கலிபோர்னியாவில் வழக்கமாகக் கேட்கப்படுவது. நீதிபதி ஒப்புதல் இல்லாமல் அவர்களால் ஒரு காசும் எடுக்க முடியாது. அதிகம் என்று உங்களுக்குத் தோன்றினால் குழுவில் இருந்துகொண்டே ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்கு விலக வேண்டியதில்லை, விலகினால் ஆட்சேபிக்கும் உரிமைதான் போகும். பாகா அபராதத்தில் 65,000 மாநிலத்துக்கும் 35,000 தொழிலாளர்களுக்கும் போகிறது. 2024 ஜூன் 19க்கு முன் மாநிலத்துக்கு அறிவிப்புக் கொடுத்த வழக்குகளில் தொழிலாளர் பங்கு 25 சதவீதமாகத்தான் இருந்தது. பாகா பகுதியிலிருந்து யாரும் விலக முடியாது. நீங்கள் விலகினாலும் அந்தச் சிறிய செக் வந்து சேரும்.

தொகை நியாயமா என்று பார்க்க இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. முதல்கட்ட ஒப்புதல் கேட்டுக் குழுவின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டிருப்பார்கள். அது பொது ஆவணம். நோட்டீஸில் உள்ள வழக்கு எண்ணை வைத்து நீதிமன்றத்திலிருந்து பெறலாம், அவர்களையே கேட்டாலும் அனுப்புவார்கள். எத்தனை பேருடைய நேரப் பதிவுகளைச் சோதித்தார்கள், எத்தனை சதவீத ஷிஃப்டில் உணவு தாமதம் கண்டார்கள், முழுமையாக ஜெயித்தால் எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டார்கள், அதை ஏன் இவ்வளவு குறைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த விவரம் இல்லாமல் நீதிபதி சமரசத்தை அங்கீகரிக்கக் கூடாது என்று 2008இல் குல்லார் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வேலையை விட்டவர்களுக்குத் தனியாக ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் அதில் பாருங்கள். உங்களைப் போன்றவர்களின் 30 நாள் அபராதத்தையும் தள்ளுபடி செய்துவிட்டு, இன்னும் வேலையில் இருப்பவர்களுக்குத் தரும் அதே 15 டாலரைத் தந்தால், ஆட்சேபம் எழுத அது சரியான காரணம்.

ஏஜென்சியின் 26 வாரம்

குழுவின் வரையறையைப் படியுங்கள். "நிறுவனம் நேரடியாக வேலைக்கு வைத்தவர்கள்" என்று இருந்தால் அந்த 26 வாரம் உள்ளே வராது. "ஸ்டாஃபிங் ஏஜென்சி மூலம் அனுப்பப்பட்டவர்களும்" என்று இருந்தால் வரும். அப்படியானால் வார எண்ணிக்கையை மறுக்கும் படிவத்தை நிரப்பி, ஏஜென்சி கொடுத்த பே ஸ்டப் நகல்களோடு நிர்வாகிக்கு அனுப்ப வேண்டும். 124 என்று திருத்தினால் தொகை 1,860 ஆகும். மூலப் பிரதிகளை அனுப்பாதீர்கள். படிவம் கெடு தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமா, தபால் முத்திரை இருந்தால் போதுமா என்று நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். "விடுவிக்கப்படும் தரப்பினர்" யார் யார் என்று ஒரு பத்தி இருக்கும். அந்த வாரங்களுக்குப் பணம் தராமல், அந்த வாரங்களின் உரிமையையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்களா என்று கவனமாகப் படியுங்கள். வாங்கவில்லை என்றால், ஏஜென்சிக் காலத்துப் பாக்கி உங்களிடமே இருக்கிறது. லேபர் கோடு 2810.3 பிரிவின்படி, ஆள் அனுப்பிய ஏஜென்சியோடு ஆளை வைத்து வேலை வாங்கிய நிறுவனமும் சம்பளத்துக்குப் பொறுப்பு. வழக்குப் போடுவதற்கு 30 நாள் முன்னால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அக்டோபரில் போட்ட கையெழுத்து

நிச்சயமாகக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காமல் "பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கக் கூடாது. அப்படி வாங்கிய தாள் செல்லாது. ஆனால் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதே உண்மையான தகராறாக இருந்தால், தொழிலாளியோடு நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று 2009இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. அதிலிருந்துதான் இப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் செக் கொடுக்கும் பழக்கம் பரவியது. அதனால் அந்தத் தாள் வெற்றுக் காகிதமும் அல்ல, முடிந்த கதையும் அல்ல. குழு வழக்கு நடக்கிறது என்று உங்களிடம் சொன்னார்களா? வழக்கறிஞரைக் கேட்டு வர அவகாசம் தந்தார்களா? "கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போக வேண்டும்" என்றார்களா? ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய கையெழுத்துகளை நீதிமன்றம் ரத்து செய்யலாம். இந்த விவரங்களைக் குழுவின் வழக்கறிஞரிடம் எழுத்தில் கொடுங்கள். கையெழுத்திட்டவர்களுக்கு முன்பு கொடுத்த தொகையைக் கழித்துக்கொள்வோம் என்று நோட்டீஸ் சொல்லவில்லை என்றால், 400ஐக் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. மாநிலத்துக்குச் சேர வேண்டிய பாகா அபராதத்தை அந்தத் தாளால் தொடவே முடியாது.

விலகுவதா?

இதற்கு உங்கள் நேரப் பதிவேட்டைப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. அதனால் இன்றே நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "நான் வேலை செய்த காலம் முழுவதற்குமான பே ஸ்டப்கள், பஞ்ச் பதிவுகள், பஞ்ச் திருத்தப்பட்டிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றின் நகல் வேண்டும்." மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். சம்பளப் பதிவுகளை 21 நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் 750 டாலர் அபராதம் கேட்கலாம். உங்களுக்கு 42 நாள் இருக்கிறது. இந்த வாரம் எழுதினால் பதிவுகள் வந்த பிறகும் யோசிக்க மூன்று வாரம் கிடைக்கும். அடுத்த மாதம் எழுதினால் கெடு போய்விடும்.

பதிவுகள் வந்ததும் ஒரு தாளில் தேதி வாரியாக, உணவு தொடங்கிய நேரம் ஏழு மணிக்கு முன்னா பின்னா, 30 நிமிடம் முழுதாக இருந்ததா என்று குறியுங்கள். சூப்பர்வைசர் பஞ்சைத் திருத்துவார் என்று எழுதியிருந்தீர்கள். எல்லா நாளும் சரியாக 6.55க்குத் தொடங்கி 7.25க்கு முடிந்ததாக இருந்தால், அதுவே சந்தேகத்துக்குரியது. மனிதர்கள் அப்படிப் பஞ்ச் செய்வதில்லை. ஆனால் அதை உடைக்கத் திருத்த விவரங்கள் வேண்டும், தனியாளாக அதை வாங்குவது கடினம். அந்த நிலையில் குழுவுக்குள் இருப்பதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. மாறாக, உங்கள் நினைவுப்படி வாரம் இரண்டு நாளோ அதற்கு மேலோ 7.20, 7.40 என்று பதிவிலேயே இருந்தால், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தொகை காகிதத்தில் நிற்கிறது, 30 நாள் அபராதத்துக்கும் வழி திறக்கிறது. அப்போது விலகுவது நியாயமான முடிவு. அதுவும், கெடு முடிவதற்குள் வேறொரு தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் உங்கள் காகிதங்களைப் பார்த்து "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் மட்டும். முதல் ஆலோசனைக்குப் பலர் கட்டணம் வாங்குவதில்லை. குழுவின் வழக்கறிஞரிடம் சந்தேகம் கேட்கலாம், அவரும் உங்கள் வழக்கறிஞர்தான். ஆனால் சமரசம் நிறைவேற வேண்டும் என்பது அவருடைய அக்கறை. விலகலாமா என்ற கேள்விக்கு வெளியாளின் கண் வேண்டும்.

விலகியவருக்கு எங்கே போக முடியும்? லேபர் கமிஷனரிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். முதலில் சமரசக் கூட்டம், பிறகு விசாரணை. ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். 12,500 டாலர் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம், அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது. இவை தவிர உங்கள் கவுன்ட்டியின் சுப்பீரியர் நீதிமன்றம். வேலையில் சேர்ந்த அன்று டேப்லெட்டில் ஏதேதோ பக்கங்களுக்கு "சம்மதம்" அழுத்தியதாகச் சொன்னீர்களே, அதில் ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் போக வேண்டிவரும். நடுவரின் கட்டணம் நிறுவனத்தின் செலவு. வேர்ஹவுஸ் ஆட்களுக்கு இதிலும் ஒரு வழி இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கைக் கையாளுபவர்களுக்குக் கூட்டாட்சி ஆர்பிட்ரேஷன் சட்டம் பொருந்தாது. வேர்ஹவுஸுக்குள்ளேயே பெட்டிகளை நகர்த்திய தொழிலாளிக்கும் அந்த விலக்கு உண்டு என்று 2024இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பேக்கிங் வேலைக்கு அது பொருந்துமா என்பதைப் புது வழக்கறிஞரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

குழு வழக்கு நிலுவையில் இருந்த காலம் பொதுவாக உங்கள் காலவரம்புக் கணக்கில் சேராது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சம்பளத்துக்கு மூன்று ஆண்டு, சில வழிகளில் நான்கு, பே ஸ்டப் அபராதத்துக்கு ஒரே ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கெடு ஓடுகிறது. விலகினால் அதே மாதத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கை தவறும் இடங்கள்

நோட்டீஸோடு வந்த படிவம், பணம் கேட்கும் படிவம் அல்ல. உங்கள் நகலில் இருப்பது விலகல் படிவம். அதை நிரப்பி அனுப்பினால்தான் பணம் வரும் என்று நினைத்து அனுப்பி, அறியாமலேயே விலகிவிடுகிறவர்கள் உண்டு. இந்தச் சமரசத்தில் எதுவும் செய்யாமல் இருந்தாலே செக் வரும். ஆனால் எதுவும் செய்யாமல் இருந்தாலும் உரிமையைக் கொடுத்துவிட்டதாகத்தான் பொருள். செக்கை வங்கியில் போடாவிட்டாலும் அப்படித்தான். செக் 180 நாளில் காலாவதியாகும் என்று உங்கள் நோட்டீஸ் சொல்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பணம் மாநிலக் கணக்காளரின் உரிமை கோரப்படாத சொத்துப் பிரிவுக்குப் போகும்.

நீங்கள் விட்டுக்கொடுப்பது, அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளிலிருந்து எழும் சம்பளக் கோரிக்கைகளை மட்டுமே. பெட்டி தூக்கி முதுகில் அடிபட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பணியிடக் காயத்துக்கான இழப்பீடு இதில் அடங்காது, அது தனியாகவே நடக்கும்.

வரி: உங்கள் நோட்டீஸின்படி மூன்றில் ஒரு பங்கு சம்பளம். அதில் வழக்கம்போல் வரி பிடித்து டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளக் கணக்குப் படிவம்) வரும். மீதி இரண்டு பங்கு வட்டியும் அபராதமும். அதில் எதுவும் பிடிக்க மாட்டார்கள், ஆனால் அதுவும் வருமானமே. படிவம் வராவிட்டாலும் ஏப்ரலில் கணக்குக் காட்ட வேண்டும். 1,860 வந்தால் அதில் 1,240 இந்த வகை.

இன்னும் அங்கேயே வேலை செய்யும் உங்கள் தோழி, நோட்டீஸைப் பற்றிப் பேசினால் ஷிஃப்டைக் குறைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார் என்றீர்கள். சம்பள உரிமையைக் கேட்டதற்குப் பழிவாங்குவது சட்டவிரோதம். 2024 ஜனவரி முதல், உரிமையைக் கேட்ட 90 நாளுக்குள் தண்டனை போல ஏதாவது செய்தால் அது பழிவாங்கல்தான் என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நிறுவனம். இப்போதைய ஷிஃப்ட் அட்டவணையை இன்றே அவர் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, நீங்கள் மே மாதம் மவுன்டன் ஹவுஸுக்கு வீடு மாறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இறுதி ஒப்புதல் விசாரணை, அதற்குப் பிறகு மேல்முறையீட்டுக் காலம், நிறுவனம் பணத்தைக் கட்டுவது என்று செக் வர இன்னும் பல மாதம் ஆகும். அது பழைய முகவரிக்குத்தான் போகும். புது முகவரியை நிர்வாகிக்கு எழுத்தில் கொடுங்கள், வழக்கு எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே நிறுவனத்திடமிருந்து அவர்களுக்குப் போயிருக்கும். யாராவது போனில் அழைத்து அந்த எண்ணை முழுதாகச் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். நோட்டீஸில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே திரும்ப அழைத்துப் பேசுங்கள்.